மீனில்லாத தொட்டியின் நைட்ரேட்

1

இந்தக் கதை ஒரு சன்னலிலிருந்து திருடியது. கியூபாவின் சந்தியாகோ தெ கூபா நகரத்தில், எங்கள் படிக்கட்டுக்கு எதிர்வீட்டில் ஒரு பெண் மாலையானால் மீன்தொட்டியில் தீனி போடுவாள். தொட்டியில் மீன் இல்லை. நான் பார்த்தது அவ்வளவுதான். ஏன் என்று கேட்டிருக்கலாம். எனக்கு யாரிடமும் எதையும் கேட்க வராது. அதனால் மிச்சத்தை எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: கடல் காற்று வீசிய ஒரு மாலையில், நெரெய்டா என்னும் விதவை—

வேண்டாம். எங்கள் தெருவுக்குக் கடல் காற்று வருவதில்லை. அவள் விதவையா என்பதும் தெரியாது. [பெயரும் நான் வைத்ததே.]

இரண்டாம் தொடக்கம்: யோஸ்வானி பிழைப்புக்காக உருகுவே நாட்டின் மொந்தெவிதேயோவுக்குப் போனபோது, தன் தாய் நெரெய்டாவிடம் ஒரு தொட்டியையும் நான்கு ஏஞ்சல் மீன்களையும் தண்ணீரில் சேரும் அழுக்கின் அளவைச் சோதிக்கும் சொட்டு மருந்துகளையும் விட்டுப்போனான். ஞாயிறுதோறும் போன் செய்வான்.

"நைட்ரேட் எவ்ளோம்மா?"

"இருபது. ஆரஞ்சு நெறம்."

"கால்வாசித் தண்ணிய மாத்திடு. வாளியில ஒரு நாள் தெறந்து வச்சு ஊத்து, குளோரின் போகட்டும்."

"உன் மீனுக்கு நடக்கிற கவனிப்பு எனக்கு நடந்தா நூறு வயசு இருப்பேன்டா."

சிரிப்பான். அதன்பிறகு இருவருக்கும் பேச ஒன்றும் இருக்காது. தண்ணீர் மட்டும் இல்லையென்றால் அந்த அழைப்பு ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

இது இருக்கட்டும்.

3

மீன்கள் எப்படிச் செத்தன? [மின்வெட்டில் மோட்டார் நின்று செத்ததாக எழுதி அடித்துவிட்டேன். அதில் அவள் கை படவில்லை. கை பட்டிருக்க வேண்டும்.]

கொசு ஒழிக்க வீடுவீடாக வரும் பெண் வந்தாள். நெரெய்டா அவளுக்குக் காபி போட்டுக்கொண்டிருந்தபோது, பால்கனியில் திறந்திருந்த வாளியில் அவள் மருந்தைத் தூவினாள். திறந்த தண்ணீரைக் கண்டால் தூவுவதுதான் அவள் வேலை. நெரெய்டாவும் பார்த்தாள். கொசுவுக்குத்தானே என்று நினைத்தாள். மறுநாள் காலை அந்த வாளியைத் தொட்டியில் ஊற்றினாள். மத்தியானம் நான்கும் மிதந்தன.

4

"மீனெல்லாம் நல்லா இருக்குடா," என்றாள் அந்த ஞாயிறு.

மீனைப் பற்றிப் பொய் சொல்ல அவளால் முடிந்தது. எண்ணைப் பற்றி முடியவில்லை. சொட்டு விட்டு, குழாயைக் குலுக்கி, அட்டையோடு நிறம் ஒப்பிட்ட பிறகே சொல்வாள். தண்ணீர் மாற்ற மாற்ற ஆரஞ்சு வெளுத்து மஞ்சளானது.*

"நைட்ரேட் அஞ்சுதானா? தீனி போடுறியா, இல்ல பட்டினி போடுறியா?"

மறுநாளிலிருந்து வெறும் தொட்டிக்குத் தீனி போட்டாள். அது அழுகியது. நிறம் ஏறியது.

* பள்ளியில் வேதியியல் தொடங்குமுன்பே நான் நின்றுவிட்டேன். மீனின் கழிவையும் மிச்சத் தீனியையும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் தின்று நைட்ரேட்டாக மாற்றும் என்பது, மீன் விற்பவர் வேறு யாருக்கோ சொன்னபோது காதில் விழுந்தது.

5

இங்கே யோஸ்வானிமேல் எனக்குச் சந்தேகம். முந்தைய வரைவில் அவன் கல்நெஞ்சன். அப்படி எழுதுவது சுலபம். இதில் அவன் அன்பாகவே சொல்கிறான்:

"இனிமே உனக்குச் சிரமம் வேணாம்மா. எலியேசர்கிட்ட சொல்லிட்டேன், சனிக்கிழமை வந்து மீனை எடுத்துக்குவான்."

மீன் போனால் ஞாயிறும் போகும். அவளுக்கு அது உடனே தெரிந்துவிட்டது.

எலியேசர் மகனின் பழைய கூட்டாளி. வீடு முழுக்கத் தொட்டி வைத்திருப்பவன். வந்து குனிந்து பார்த்தான்.

"என்ன அத்தை, மீனெல்லாம் ரேஷன் ரொட்டி வரிசையில நிக்கப் போயிருக்கா?"

"கொசு மருந்துத் தண்ணிடா. நான்தான் ஊத்துனேன்."

"எப்போ?"

"மழைக்காலத்துக்கு முன்னாடி."

"அப்போ வாராவாரம் அவனுக்குச் சொன்ன நம்பரு?"

"அது நெசம்."

அவன் நம்பாமல் தானே சொட்டு விட்டான். குழாய்களை வெளிச்சத்தில் பிடித்தான்.

"அடேயப்பா! கொசு மருந்தெல்லாம் எப்பவோ போயிருக்கும். இந்தத் தண்ணியில இன்னிக்கே மீன் விடலாம் அத்தை, உயிரோட இருக்கு. நாலு ஏஞ்சல் நான் தர்றேன். உங்ககிட்டயே இருக்கட்டும்னு அவன்கிட்ட நானே சொல்லிக்கிறேன். அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

6

ஒரு முடிவு: மீன்கள் வருகின்றன, ஞாயிறுகள் தொடர்கின்றன. இது போதும் என்பவர்கள் இங்கேயே எழுந்துவிடலாம். எனக்கும் ஒரு நாள் முழுக்க இது பிடித்திருந்தது.

இன்னொரு முடிவு: தொட்டியைக் கவிழ்த்துவிட்டு அவள்— [முடிக்கவில்லை.]

முதல் முடிவைச் சுத்தமாக எழுத உட்கார்ந்தபோது நெரெய்டா எலியேசரிடம் மாட்டேன் என்று தலையசைத்துவிட்டாள்.

"வேணாம்டா. புது மீனைக் காட்டி பழைய மீனைப் பத்திப் பேச என்னால ஆகாது."

ஞாயிறு. போன்.

"எலியேசர் வந்தானாம்மா? நைட்ரேட்—"

"மீன் செத்துப்போச்சு யோஸ்வானி. ரொம்ப நாளாச்சு. இனிமே எதைக் கேக்க எனக்குப் போன் பண்ணுவே?"

மொந்தெவிதேயோவில் ஒருவன் போனைக் காதில் வைத்தபடி நிற்கிறான். அவன் பதிலை எழுதப் பலமுறை உட்கார்ந்தேன். "பரவாயில்லம்மா" என்று எழுதி அடித்தேன். அதற்குமேல் எனக்கு வரவில்லை. எனக்கு யாரும் போன் செய்ததில்லை.

உங்களுக்குச் செய்திருப்பார்கள். அவள் காத்திருக்கிறாள், லைன் எப்போது வேண்டுமானாலும் அறுந்துவிடும். அவனுக்குப் பதிலாக நீங்கள் ஏதாவது பேசுங்கள். கொஞ்சம் சத்தமாக.