இடது அடுக்கா, வலது அடுக்கா

பிப்ரவரி மாதம் ஓரெஸ்தே வீட்டு நிலவறைக்கு வெள்ளையடித்தார். நவம்பரில் மகன் செவெரோவுக்குக் கல்யாணம். சம்பந்தி வீட்டார் கீழே இறங்கிப் பார்ப்பார்கள், பூஞ்சை பிடித்த சுவரைப் பார்த்து முகம் சுளிக்கக் கூடாது என்பது அவர் நியாயம். நியாயமெல்லாம் சரிதான். ஆனால் ஒயின் அடுக்குகளுக்கு மேலே சாக்கட்டியால் எழுதியிருந்த வருஷங்களின் மேலும் சேர்த்து அடித்துவிட்டார். மனைவி இல்டா கத்தியதற்கு, "எல்லாம் என் மண்டைல இருக்கு, காயட்டும், திரும்ப எழுதறேன்" என்றார். மார்ச் மாதம் அந்த மண்டையோடு போய்ச் சேர்ந்துவிட்டார்.

விற்கிற பாட்டில்களில் லேபிள் இருந்தது, பிரச்சினை இல்லை. வீட்டுக்கென்று ஒதுக்கிய இரண்டு அடுக்குகளில்தான் எதுவும் கிடையாது. ஒரே மாதிரி பாட்டில், அச்சில்லாத ஒரே மாதிரி தக்கை. ஒன்று தொண்ணூற்று நாலு, செவெரோ பிறந்த வருஷம். இன்னொன்று தொண்ணூற்றாறு. எது இடது, எது வலது என்று ஓரெஸ்தேயைத் தவிர யாருக்கும் தெரியாது.

அந்தத் திராட்சைக் குன்றுகளில் பிள்ளை பிறந்தால் அந்த வருஷத்து பரோலோ ஒயினை எடுத்து வைப்பார்கள். கல்யாண விருந்தில் தகப்பன் அதைத் திறந்து முதல் கோப்பையைப் பிள்ளைக்கு ஊற்றுவார். தகப்பன்தான் இல்லை, ஒயினாவது சரியாக இருக்க வேண்டும். எட்டு மாதமாக இல்டாவை அரித்துக்கொண்டிருந்தது இது ஒன்றுதான்.

தொண்ணூற்று நாலு அறுவடையில் மழை விடாமல் கொட்டிய வருஷம். திராட்சை தண்ணியாகிப் போய், ஒயினும் நோஞ்சானாகத்தான் வந்தது. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஓரெஸ்தே மகனைப் பார்த்து, "சீக்கிரம் கல்யாணம் பண்ணிக்கடா, உன் ஒயின் தாங்காது" என்பார். பையன் முப்பது வயது வரை காது கேட்காதவன் போலவே இருந்துவிட்டான். தொண்ணூற்றாறு அப்படியில்லை. ஊரே மார்தட்டிக்கொண்ட வருஷம் அது.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, வியாழக்கிழமை பதினொரு மணிக்கு, எது எந்த வருஷம் என்று ருசி பார்த்துச் சொல்ல ஓரெஸ்தேயின் தம்பி எவாசியோ வந்தார். ருசி பார்ப்பதென்றால் அந்த நேரம்தான், வெறும் வயிறு, நாக்கு சுத்தம். எவாசியோ நாலு ஒயின் கமிட்டிகளில் உட்கார்ந்து மார்க் போடுகிறவர். தன் நாக்கைப் பற்றி அவருக்கு இருக்கிற மரியாதை வேறு யாருக்கும் கிடையாது.

உண்மையில் அந்த வீட்டின் நாக்கு இல்டாதான். முப்பத்தைந்து வருஷமாக ஓரெஸ்தே செய்தார், இவள் ருசி பார்த்துச் சொன்னாள். ஆனால் மார்ச்சிலிருந்து அவளுக்கு வாயில் எதை வைத்தாலும் காகித அட்டையைத் தின்பது போலிருந்தது. அறுவடையைக் கூலியாட்களை வைத்துத் தனியாக முடித்திருந்தாள். தினம் காலையும் மாலையும் தொட்டியில் நொதிக்கிற சாற்றை பம்பு வைத்து மேலே ஏற்றி ஊற்ற வேண்டும். அதற்கு நடுவில் கல்யாண வேலை. உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசில்லை, எழுந்தால் உட்கார நேரமில்லை.

"என்ன அண்ணி, தூங்கினீங்களா இல்லையா? கண்ணு ரெண்டும் குழிக்குள்ள போயிருக்கு."

"தூங்கறதுக்கு ஆள் வெச்சிருக்கேன். நீ பாட்டிலைத் திற."

அடுக்குக்கு ஒன்றாக இரண்டு பாட்டிலையும் திங்கட்கிழமையே எடுத்துச் சமையலறை மேஜையில் நிமிர்த்தி வைத்திருந்தாள், வண்டல் அடியில் தங்க வேண்டுமே. எவாசியோ தக்கைகளைப் பொடியாக்காமல் எடுத்து, நாலு கோப்பைகளில் ஊற்றினார். நிறத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. இரண்டுமே ஓரத்தில் செங்கல் நிறத்துக்குப் போயிருந்தன.

இடது அடுக்கு ஒயினை மூக்கருகே கொண்டுபோனதும் எவாசியோவின் முகம் மலர்ந்தது. "காஞ்ச ரோஜா! அண்ணி, என்ன வாசனை பாருங்க. தொண்டையில பட்டு மாதிரி இறங்குது. இது தொண்ணூத்தாறு. கண்ணைக் கட்டிட்டுச் சொல்லுவேன்."

வலது அடுக்கு ஒயின் எதையும் தரவில்லை. மணம் கிடையாது. வாயில் வைத்தால் அடுப்பில் மறந்துபோன டீ மாதிரி துவர்ப்பு, ஈறு இரண்டையும் இழுத்துப் பிடித்தது. எவாசியோ சிங்க்கில் துப்பினார்.

"இதுதான் மழை வருஷம். பாவம் செவெரோ."

இல்டாவும் இரண்டையும் குடித்துப் பார்த்தாள். அட்டை, அப்புறம் துவர்க்கிற அட்டை. "எனக்கு ஒண்ணும் தெரியல எவாசியோ" என்றாள். அதைச் சொல்லும்போது அவமானமாக இருந்தது.

எவாசியோ குரலைத் தாழ்த்தினார். "நான் ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. கல்யாணத்துல இந்தத் துவர்ப்பை ஊத்தினா பொண்ணு வீட்டுக்காரங்க வாயைக் கொப்புளிக்க ஓடுவாங்க. இடது பக்கத்தையே தொண்ணூத்து நாலுன்னு ஊத்திடுவோம். யாருக்குத் தெரியப் போகுது?"

"அவன் அப்பாவுக்குத் தெரியும்."

"அண்ணன் எங்க அண்ணி இருக்காரு?"

இல்டாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் சண்டை போடவும் தெம்பு வேண்டுமே. "சரி, உன் இஷ்டம்" என்றாள்.

"ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கு வந்து எல்லாத்தையும் திறந்து வெச்சுடறேன். ஒரு மணி சாப்பாட்டுக்குள்ள காத்து பட்டு நல்லா மூச்சு விட்டிருக்கும்." பழைய பரோலோவை அப்படித்தான் எல்லாரும் செய்வார்கள். எவாசியோ ஜாடியில் இருந்த ரொட்டிக் குச்சிகளில் ரெண்டை எடுத்துக் கடித்துக்கொண்டே போய்விட்டார்.

மீதி ஒயினைக் கொட்டக்கூட இல்டாவுக்கு அலுப்பு. இடதும் வலதுமாகக் கோப்பைகளை மேஜையிலேயே விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். மகன் பிறந்த வருஷத்து ஒயின் என்று ஊர் முன்னால் பொய்யை ஊற்றப் போகிறோம் என்ற நினைப்பு பகல் முழுக்க முதுகுக்குப் பின்னாலேயே வந்தது. பம்பு குழாய் ஒரு தடவை கழன்று அவள் மேலெல்லாம் சாறு அடித்தது. திட்டக்கூட வாய் வரவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்குச் சமையலறைக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். அறையில் ஏதோ மணந்தது. தார், ரோஜா, மழையில் நனைந்த மண். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவள் மூக்கு ஒன்றைத் தானாகப் பிடித்தது.

இடது கோப்பையை எடுத்து முகர்ந்தாள். ஒன்றுமில்லை. குடித்துப் பார்த்தாள். காலையில் எவாசியோவைச் சொக்க வைத்தது இப்போது காய்கறி அவித்த தண்ணியாகச் செத்துக் கிடந்தது. வலது கோப்பையை எடுத்தாள். மணம் அதிலிருந்துதான் வந்தது. துவர்ப்பு போகவில்லை, ஆனால் அதைச் சுற்றிச் சதை பிடித்திருந்தது. விழுங்கிய பிறகும் ருசி நாக்கை விட்டு நகர மாட்டேனென்றது.

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பலமுள்ள வருஷம் இப்படித்தான் முரண்டு பிடிக்கும், கதவைத் திறக்கவே ஏழு மணி நேரம் கேட்கும். நோஞ்சான் வருஷம் கையிலிருப்பதை வந்தவுடனே கொடுத்துவிட்டுப் போய்விடும். இது அவளுக்குத் தெரியாததா? நாலு கமிட்டி எவாசியோவுக்குத்தான் தெரியாததா? கெட்ட வருஷம் என்றால் கெட்ட ருசிதான் இருக்கும் என்று இரண்டு பேரும் முன்கூட்டியே முடிவு கட்டிவிட்டார்கள். வலதுதான் தொண்ணூற்றாறு. பொய்யாக ஊற்றலாம் என்று எவாசியோ சொன்ன இடது அடுக்குதான் நிஜமாகவே செவெரோவின் ஒயின். காலை ஆறு மணிக்குத் திறந்திருந்தால் ஒரு மணிக்குள் அத்தனையும் செத்திருக்கும்.

உடனே போன் போட்டாள்.

"எவாசியோ, ஞாயித்துக்கிழமை காலைல வராதே."

"ஏன் அண்ணி, கோவமா?"

"நீ ரோஜான்னு மயங்கினியே, அதுதான் தொண்ணூத்து நாலு. இப்ப செத்துப்போச்சு. அந்தத் துவர்ப்பு எழுந்து உக்காந்திருக்கு."

"நிஜமாவா? உங்களுக்கு ருசி தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. எல்லாரும் உக்காந்தப்புறம் திற. பேச்சு கீச்சு எதுவும் வேண்டாம், ஊத்தின உடனே குடிக்கச் சொல்லு. ஒரு மணி நேரம்தான் அதுக்கு ஆயுசு."

"முப்பது வருஷம் கழிச்சு ஒரு மணி நேரமா! அண்ணன் இருந்திருந்தா சிரிச்சிருப்பாரு."

இல்டாவும் சிரிக்கத்தான் நினைத்தாள். அழுகை வந்துவிட்டது. சாறு காய்ந்து பிசுபிசுத்த கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தாங்காது, தாங்காதுன்னு பிள்ளையை விரட்டிட்டே இருந்தாரே," என்றாள். "அது தாங்கிடுச்சு எவாசியோ. அவருதான் தாங்கல."

எவாசியோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, "ஒரு மணிக்கு வரேன், அண்ணி" என்றார்.