மேலே தள்ளிவிட்ட ஆப்

எங்கள் வீட்டில் எனக்குப் போன் டாக்டர் என்று பெயர். என் மனைவி கிண்டலுக்கு வைத்தது, நான் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டேன். யார் போன் கையில் கிடைத்தாலும் பின்னால் எத்தனை ஆப் திறந்து கிடக்கிறது என்று பார்ப்பேன். இருபது, முப்பது கிடக்கும். கை துறுதுறுக்கும். ஒவ்வொன்றாக விரலால் மேலே தள்ளி மூடிவிட்டு, இனிமேல் பேட்டரி நிற்கும் என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பேன். யாரும் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

மனைவியின் தம்பி லிஃப்ட் மெக்கானிக். ஞாயிறு மதியம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. போனை மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போவான். திரும்பி வருவதற்குள் நான் வேலையை முடித்திருப்பேன். "தேங்க்ஸ் மாமா" என்பான். வாயில்லாப் பூச்சி என்று நினைத்துக்கொள்வேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு, சாப்பிட்ட கையோடு எங்கள் சோபாவிலேயே தூங்கிப்போனான். அந்த வாரம் முழுக்க இரண்டு ஆள் வேலை பார்த்திருந்தான். நாலரை மணிக்கு அவன் மேலதிகாரி கூப்பிட்டார். அவர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. ஒரு குடியிருப்பில் லிஃப்ட் பாதியில் நின்று, ஒரு பெண்ணும் கைக்குழந்தையும் ஒன்றரை மணி நேரம் உள்ளே மாட்டிக்கொண்டார்களாம். உள்ளே பொத்தானை அழுத்தினால் இவன் போனில் இருக்கும் ஆப் அலற வேண்டும். அலறவில்லை. தகவல் போய்விட்டது, ஆள் வந்துகொண்டிருக்கிறான் என்றே அலுவலகத்தில் நினைத்திருக்கிறார்கள். கடைசியில் தீயணைப்பு ஆட்கள் கதவை நெம்பித் திறந்திருக்கிறார்கள். அழுது அழுது குழந்தைக்குக் குரலே போய்விட்டதாம்.

ஆப்பை யார் மூடியது என்று மேலதிகாரி கேட்டார். நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கீழே கிடந்த செய்தித்தாளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தேன்.

"நான்தான் சார். தெரியாம மூடிட்டேன்" என்றான் மைத்துனன்.

பாவம், தான்தான் மூடினோம் என்று நம்புகிறான் போல என்று எனக்கு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

பதினோரு வருஷம் அவசர வேலைக்கு ஓடியவனைக் கிடங்கில் உதிரிபாகம் அடுக்கப் போட்டார்கள். இரண்டு ஞாயிறு அவன் வரவில்லை. மனைவி கேட்டதற்கு வேலையாக இருப்பான் என்றேன். மூன்றாவது ஞாயிறு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் காலையில் கிடங்குக்கே போனேன். கம்பிச் சுருள்களுக்கு நடுவே உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தான்.

மூடியது நான்தான் என்று ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். அவன் நிமிரவில்லை.

"தெரியும் மாமா. நீங்க வாராவாரம் மூடுவீங்க. சாப்பிட உக்காந்ததும் மேசைக்கு அடியில நான் திறந்து வெச்சுக்குவேன். அன்னைக்கு அசதியில மறந்துட்டேன்."

ஏன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எல்லாரும் இருக்கும்போது உங்களை எப்படி மாமா..." என்று இழுத்தான். பிறகு, எனக்கு வலிக்கக்கூடாதே என்பதுபோல மெதுவாகச் சொன்னான். சும்மா கிடக்கிற ஆப்பைப் போனே தூங்க வைத்துவிடுமாம். மூடி மூடித் திறந்தால்தான் பேட்டரி அதிகம் செலவாகுமாம். இத்தனை வருஷம் டாக்டர் வேலை பார்த்திருக்கிறேன்.

அவன் மேலதிகாரியின் எண்ணைக் கேட்டேன். வேண்டாம் மாமா, விடுங்க என்றான். நான் விடவில்லை. எண்ணைப் பார்த்துக்கொள்ளச் சொல்லித் தன் போனை என்னிடம் நீட்டினான். எனக்கு அதைத் தொடக் கை வரவில்லை. அவனையே எண்ணைச் சொல்லச் சொல்லி, என் போனில் அழுத்தினேன்.

யார் பேசுவது என்று கேட்டார்.

"அந்த ஆப்பை மூடினவன், சார்" என்றேன்.