சர்வருக்கு நாலு எலுமிச்சம்பழம்

காசிராஜன் அண்ணாச்சியின் துண்டுக் கம்பெனியில் கோகிலாவுக்கு ஒரே வேலைதான், சர்வரைப் பார்த்துக்கொள்வது. மெயில், சாட், வீடியோ மீட்டிங் எல்லாம் ஓடும் அந்தப் பெட்டிக்குப் புது வெர்ஷன் வந்திருக்கிறதா, ஓட்டையை அடைக்கிற எந்தப் பேட்ச் பாக்கி என்று தினமும் கவனிப்பாள். கவனித்து என்ன பிரயோசனம்? போட விட்டால்தானே! ஓடுகிற மெஷினை எதற்கு நிறுத்த வேண்டும் என்பது அண்ணாச்சியின் கட்சி.

துண்டு வாங்கும் ஜெர்மன் கம்பெனி கறாராக எழுதிவிட்டது. இன்று சாயங்காலத்துக்குள் பேட்ச் ஏறாவிட்டால் உங்கள் மெயிலை உள்ளே விடமாட்டோம். அண்ணாச்சியும் தன் பங்குக்கு, "மெயில் நின்னுதுன்னா சர்வரைத் தூக்கி மெட்ராஸ் கம்பெனிக்காரன் கையில குடுத்திருவேன்" என்றார். சர்வர் போனால் கோகிலாவுக்குச் சங்கரன்கோவிலில் என்ன வேலை? மறுபடியும் மெட்ராஸ் ஹாஸ்டல், அந்தப் புளிச்ச இட்லி. நினைத்தாலே அழுகை வந்தது.

அன்றைக்குப் பார்த்து ஆயுத பூஜை. பூஜைக்கு முன்னாலேயே முடித்துவிடலாம் என்று விடிந்ததும் வந்து பேட்ச்சை இறக்கிவிட்டாள். ஒருமுறை அணைத்து ரீஸ்டார்ட் பண்ணினால் தானாக ஏறிவிடும். பண்ணப் போனாள், சந்தனக் கிண்ணத்தோடு அண்ணாச்சி வந்து நின்றார்.

கீபோர்டுக்குப் பொட்டு, மானிட்டருக்கு மாலை, சர்வர் நிற்கும் இரும்பு ராக்கின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று. சூடம் காட்டி முடித்ததும் கையை உயர்த்தினார்.

"நாளைக்கு மறுபூஜை முடியுத வரைக்கும் எவனும் எதையும் தொடப்பிடாது."

"அண்ணாச்சி, ஒரே ஒரு ரீஸ்டார்ட்..."

"தறிக்காரன் தறியத் தொட்டானா? உனக்கு மட்டும் என்ன அவசரம்?"

இந்த மனுசனிடம் பேசுவதற்குப் பதில் போய்ச் சுவரில் முட்டிக்கொள்ளலாம். வாசலில் டிரைவர் துரைப்பாண்டி, லாரிச் சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு, ஹாரன் அடித்தபடி ஒரு சுற்றுப் போய்வந்தான். கோகிலா அதைப் பார்த்தாள். பிறகு சர்வர் ராக்கின் அடியைப் பார்த்தாள். நாலு குட்டிச் சக்கரம்!

"அண்ணாச்சி, வண்டிக்குப் பூஜை முடிஞ்சதும் ஒரு சுத்து உண்டுல்லா?"

"பின்ன? பழம் நசுக்கி ஓட்டினாத்தான் பூஜையே முடிஞ்சதா அர்த்தம்."

"அப்ப இதுக்கு?"

அண்ணாச்சி குனிந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "அடப்பாவி, சக்கரம் இருக்கே! இத்தனை வருசமா அரைகுறைப் பூஜையா போட்டிருக்கோம்? அதான் அப்பப்ப மக்கர் பண்ணுதா! ஏலே துரைப்பாண்டி, நாலு பழம் எடுத்துட்டு வாலே!"

தள்ளப் போனவர் நின்றார். "ஓடிட்டு இருக்கும்போது தள்ளலாமா?"

கோகிலா முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டாள். "ஆஃப் பண்ணணும் அண்ணாச்சி. ஆனா தொடப்பிடாதுன்னுட்டியளே."

"சாவியத் தொடாம எவன் வண்டி ஓட்டுவான்? பண்ணும்மா!"

முறையாக ஷட்டவுன் பண்ணி வயர்களைக் கழற்றினாள். துரைப்பாண்டி தள்ள, அண்ணாச்சி வாயாலேயே ஹாரன் அடித்தார். பழம் நசுங்கியது, சாறு தெறித்தது, ஒரு வாழைக்கன்று சாய்ந்தது. ராக் அறையைச் சுற்றிவந்து பழைய இடத்தில் நின்றது.

வயரைச் செருகிப் பட்டனை அழுத்தினாள். பேட்ச் ஏறுகிறது, அணைக்க வேண்டாம் என்று திரையில் வந்தது. புது வெர்ஷன் எண்ணைக் கண்டதும் "ஏறிட்டு!" என்று கத்தியேவிட்டாள்.

"எல்லாம் பழத்தோட மகிமை" என்றார் அண்ணாச்சி.

சாயங்காலம் ஜெர்மனியிலிருந்து மெயில் வந்தது. சரிபார்த்துவிட்டோம், தொடரலாம். இதுவரை நீங்கள் ஒரு பேட்ச்சும் நேரத்துக்குப் போட்டதில்லை. இந்த முறை எப்படிச் செய்தீர்கள் என்று எழுதினால் மற்ற கம்பெனிகளுக்கும் அனுப்புவோம்.

"என்ன எழுதட்டும் அண்ணாச்சி?"

அவர் தாடையைத் தடவினார். "புளியங்குடி எலுமிச்சம்பழம்னு எழுது. அங்கன கிடைக்கலைன்னா, துண்டோட சேத்து நாமளே அனுப்புதோம்னு போடு."