இழுக்காதேங்கோ மாமா

வலன்ரைன் மீன் பிடிக்கப் போவதற்கும் சேர்ட்டை அயன் பண்ணித்தான் போட்டிருந்தார். அதற்கு மேலே ஜெயனி கொடுத்த செம்மஞ்சள் நிற மிதவை அங்கியை மாட்டியபோது கழுத்து பாதி உள்ளே போய்விட்டது. அதைப் பொருட்படுத்தாமல் முதுகை நிமிர்த்திக்கொண்டு படகின் முன்பலகையில் இருந்தார். சின்ன அலுமினியப் படகு அது. சாய்வதற்கு ஒன்றும் இல்லை. இருந்திருந்தாலும் அவர் சாய்ந்திருக்கமாட்டார்.

ஜெயனி மோட்டரை நிறுத்தி நங்கூரத்தை இறக்கினாள். சென் லூயி ஏரி அந்தக் காலை வெயிலில் ஈயத்தகடு மாதிரிக் கிடந்தது. கரையில் டோர்வல் வீடுகள், அவற்றுக்கு மேலால் தாழப் பறந்து இறங்கும் விமானங்கள். அந்த விமானங்களுக்குச் சாப்பாடு ஏற்றுகிற வேலையில்தான் வலன்ரைன் தன் கனடா வாழ்க்கை முழுவதையும் கழித்தார். வேலைக்கு வரும்போது பஸ் யன்னலுக்கால் இந்தத் தண்ணீரைப் பார்த்திருக்கிறார். இதற்குமேல் ஒருநாள் தான் மிதப்பார் என்று நினைத்ததில்லை.

படகு அவருடைய மகன் றொக்சனுடையது. றொக்சன் போய் மூன்று கோடை கழிந்துவிட்டது. வேலைக்குப் போகிற வழியில், மெட்றோ இருக்கையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தவன் நிமிரவில்லை. நாற்பது வயதுகூட ஆகவில்லை. அதன்பிறகு பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டில் வலன்ரைனும், மருமகள் ஜெயனியும், பேத்தி லக்சனாவும்தான். படகு வில்லரேயில் ஒரு சிநேகிதனின் வளவில் தார்ப்பாயின் கீழ் கிடந்தது. இந்தக் கோடையில்தான் ஜெயனி அதை வெளியே எடுத்தாள். தனியாக இழுத்துக்கொண்டு போனாள், தனியாக வந்தாள். இந்த முறை, "மாமா, ஒருக்கா என்னோட லேக்குக்கு வாறியளோ?" என்று கேட்டாள்.

அவர் வந்ததற்குக் காரணம் மீன் அல்ல. போன கிழமை ஸ்காபரோவிலிருந்து தங்கச்சி அல்போன்சம்மா போன் எடுத்திருந்தாள். "அண்ணை, தமிழ்ப் பூசை முடிய தாயும் பிள்ளையும் அந்த மன்னார்ப் பெடியன்ர கார்லயாம் ஏறினது. ஸ்காபரோவில இருக்கிற எனக்கே கதை வந்திட்டுது. பக்கத்து அறையில இருக்கிற உங்களுக்கு வரேல்லையோ? நீங்கள் ஒரு சொல் சொல்லி அதை முடிச்சுப்போடுங்கோ. எங்கட குடும்பத்தில ஆரும் இப்பிடிக் கதைபட்டதில்லை."

வராமல் இல்லை. பேனாட் என்ற அந்தப் பெடியனை, பெடியன் என்ன, தலை நரைத்த ஆளை, அவர் கோயிலில் கண்டுகொண்டுதான் இருந்தார். பஸ் ஓட்டுகிறவன். பாடகர் குழுவில் பின்வரிசையில் நிற்பான். தங்கச்சிமாரைக் கட்டிக்கொடுத்து முடியத் தன் வயது போனது தெரியாமல் நின்றவன். ஒரு பிழை பிடிக்க முடியாத ஆள் என்பதுதான் வலன்ரைனுக்குக் கூடுதல் எரிச்சல். ஒரு வசனத்தை மனதுக்குள் கட்டி வைத்திருந்தார். 'நான் கண்ணை மூடுமட்டும் இந்த வீட்டில அந்தக் கதை வேண்டாம்.' வீட்டில் சொன்னால் பிள்ளையின் காதில் விழும். ஏரியில் சொல்லலாம். கௌரவமாக, குரலை உயர்த்தாமல்.

ஆனால் அவள் வசனத்துக்கு இடம் கொடுக்காமல் கையில் தூண்டில் தடியைத் தந்துவிட்டாள். மெல்லிய தடி. அதில் ஓடிய நைலோன் நூல், தங்கூசி, தலைமயிர் பருமனில் இருந்தது. அதன் அடியில் ஒரு சின்ன ஈயக்குண்டு. ஒரு சாண் மேலே தூண்டில். தூண்டிலின் நுனியில் மூக்குக் குத்தினாற்போல ஒரு றப்பர் புழு.

"மாமா, இது எறிஞ்சு இழுக்கிற மீன்பிடி இல்லை. ஈயம் அடியில கிடக்கட்டும், அதை அரக்கப்படாது. தடி நுனியை மட்டும், கை நடுங்கிற மாதிரி ஆட்டுங்கோ. தங்கூசி தொய்ஞ்சு கிடக்கவேணும். புழு நிண்ட இடத்திலயே துடிக்கும். பேந்து நிப்பாட்டிப்போட்டு ஒண்டும் செய்யாதேங்கோ. பாஸ் மீன் அப்பதான் எடுக்கும்."

"கை நடுங்கிறதோ? என்ர வயசில அதைப் படிக்கத் தேவையில்லை."

அவள் சிரித்தாள். உண்மையில் அவருடைய கை நடுங்குவதில்லை. அதில் அவருக்குப் பெருமை இருந்தது.

"எடுத்தா எப்பிடித் தெரியும்?"

"வெட்டி இழுக்காது. ஈர இலை ஒண்டு வந்து கொழுவின மாதிரி ஒரு பாரம், அவ்வளவுதான். அப்ப நீங்கள் சுண்டி இழுத்தா புழு வாயைவிட்டு வந்திடும். றீலை மெள்ளச் சுத்துங்கோ. அது தானாக் கொழுவுப்படும்."

ஒன்றும் செய்யாதே என்று அவருக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை. எட்டுப் பேருக்கு மூத்தவராகப் பிறந்தவர். தம்பிமாரை ஒவ்வொருத்தராகக் கொழும்பு வழியாக வெளியே எடுத்ததும், தாய்க்குச் சவப்பெட்டி அடித்ததும், றொக்சனுக்காக மன்னாருக்குப் போய் ஜெயனியைப் பெண் கேட்டதும் அவர்தான். ஒரு காரியம் தொய்ந்து கிடந்தால் பிடித்து இறுக்குவதுதான் அவர் அறிந்த வாழ்க்கை. தங்கூசி தொய்ந்து கிடப்பதைப் பார்க்க அவருக்கு உடம்பு கூசியது. சின்னதாக ஏதோ தட்டுப்பட்டதும் தடியை வானத்துக்குத் தூக்கினார். வெறும் ஈயம் பறந்து வந்து படகில் அடித்தது.

"இழுக்காதேங்கோ மாமா."

இரண்டாம் முறையும் அப்படித்தான். மூன்றாம் முறை அவள் தன்னுடைய தடியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளுடைய தடி ஓசையில்லாமல் வளைந்தது. வெண்கல நிறத்தில், சிவந்த கண்ணோடு ஒரு மீன் வந்தது. கீழ்த்தாடையைப் பிடித்துத் தூக்கி, தூண்டிலைக் கழற்றி, தண்ணீருக்குள் விட்டாள்.

"ஒரு குழம்புக்குக் காணும். அதைப் போய்…"

"பிளேனுக்குச் சாப்பாடு ஏத்தினனீங்கள் தானே மாமா? ஏத்தினதெல்லாம் நீங்களோ சாப்பிட்டனீங்கள்?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். இந்த வாய்க்காகத்தான் றொக்சன் இவளோடு போனில் கதைத்த அன்றே சம்மதித்தான். றொக்சன் கோடைக்குக் கோடை, "அப்பா, ஒரு நாளைக்கு வாங்கோவன்" என்று அவரையும் கூப்பிட்டவன். பிடித்த மீனைத் திருப்பி விடுகிறதுக்கு ஒரு மனுசன் ஏன் வெயிலில் காய்வான் என்று அவர் ஒருமுறையும் வரவில்லை. அவனுக்குப் பதிலாக அவனுடைய பெண்சாதி இப்போது அதே பலகையில் இருந்து அதே வேலையைச் சொல்லித் தருகிறாள்.

அவருடைய புழுவைச் சின்ன மீன்கள் கடித்துக் கிழித்துவிட்டிருந்தன. ஜெயனி றொக்சனின் தூண்டில் பெட்டியைத் திறந்தாள். கொஞ்ச நேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மூலையிலிருந்து பச்சைநிறப் புழு ஒன்றை எடுத்து அவருடைய உள்ளங்கையில் வைத்தாள். மற்றவற்றைவிடக் கட்டையாக இருந்தது. தலைப்பக்கம் யாரோ கடித்துத் துண்டாக்கியிருந்தார்கள்.

"அவர் கத்தி தேடமாட்டார். நீளமா இருந்தா அப்பிடியே வாயில வைச்சுக் கடிச்சுத் துப்பிப்போடுவார். நான் ஏசுறனான்."

வலன்ரைன் அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். றப்பரில் பல் அடையாளம் அப்படியே இருந்தது. முன்பல் ஒன்று மற்றதன்மேல் சற்று ஏறிய அடையாளம். அந்தப் பல்லுக்குக் கம்பி போடவேண்டும் என்று றொக்சனின் தாய் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அவனைச் சீமெந்துக்குக் கீழே புதைத்தாயிற்று, படத்துக்குக் கீழே மின்விளக்கு எரிகிறது, திருப்பலி ஒப்புக்கொடுத்தாயிற்று. இங்கே ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் அவனுடைய வாய் இருக்கிறது.

அவர் அதைத் தூண்டிலில் குத்தினார். கை நடுங்கவில்லை. தண்ணீருக்குள் இறக்கினார். ஈயம் அடியில் தொட்டது. நுனியை ஆட்டினார். நிறுத்தினார். இந்த முறை தங்கூசி தொய்ந்து கிடந்தது, அவர் அதைத் தொய்யவிட்டார்.

"மாமா," என்றாள் ஜெயனி. ஏரியைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். "உங்களுக்குத் தெரியும் எண்டு எனக்குத் தெரியும். பேனாட் என்னைக் கேட்டவர். நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

மனதுக்குள் கட்டி வைத்த வசனம் வாய்வரை வந்தது. அவள் நிறுத்தவில்லை.

"கோயிலிலதான் கட்டப்போறம். வாசல்ல இருந்து பீடம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்க் கையைப் பிடிச்சுக் குடுக்க எனக்கு ஆள் இல்லை. அப்பா கடைசிச் சண்டையில செத்துப்போயிட்டார். முதல் தரம் கட்டேக்க அம்மான்ர தம்பி, சின்ன மாமா இருந்தார், இப்ப அவரும் இல்லை. நீங்கள் வரவேணும் மாமா."

வலன்ரைன் திரும்பிப் பார்த்தார். படகில் இருந்து எழும்பிப் போக முடியாது என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. அவளும் அதற்காகத்தான் இங்கே கூட்டிவந்திருக்கிறாள்.

"என்ர மகன்ர பெண்சாதியை நான் கொண்டுபோய் இன்னொருத்தன்ர கையில குடுக்கிறதோ?"

"ஓம். இஞ்ச தனிய நடந்துபோற ஆக்களும் இருக்கினம். நானும் போவன், பயமில்லை. ஆனா நீங்கள் கூட்டிக்கொண்டு போனா நான் இந்த வீட்டில இருந்து போறவள். வராட்டி, ஊருக்கு நான் ஓடிப்போனவள். நாளைக்கு லக்சனாவை ஆரும் ஓடிப்போனவளின்ர பிள்ளை எண்டு சொல்லுறதை உங்களால கேட்டுக்கொண்டு இருக்க ஏலுமோ?"

அவர் வாழ்நாள் முழுவதும் காத்துவந்த ஒன்றைக் கையில் எடுத்து, அதைக்கொண்டே அவரை அடித்துவிட்டாள். கோபம் நெஞ்சிலிருந்து தோளுக்கு ஏறியது. அந்த நேரம் பார்த்துத் தங்கூசியில் ஒரு பாரம் வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. ஈர இலை ஒன்று கொழுவின மாதிரி.

அவர் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார்.

தடி வளைந்து படகின் விளிம்பில் முட்டியது. தங்கூசி ஒரு கணம் கம்பிபோல நின்று, டிக் என்று அறுந்தது. தடி நிமிர்ந்துகொண்டது. நுனியில் அறுந்த முனை காற்றில் சுருண்டு ஆடியது. மீனா, கல்லா, அடியில் கிடக்கிற மரக்கட்டையா, தெரியவில்லை. தண்ணீரில் ஒரு வட்டம்கூட இல்லை.

"இன்னொண்டைக் கொழுவு பிள்ளை," என்றார்.

"புதுசு கிடக்கு மாமா. அவர் கடிச்சது அது ஒண்டுதான் மிச்சம் இருந்தது."

அவர் பெட்டியைப் பார்த்தார். "தெரிஞ்சுகொண்டே என்னட்டைத் தந்தனீ?"

"தனிய வரேக்க ஒவ்வொரு நாளும் அதை எடுத்துப் பாப்பன். திருப்பி வைப்பன். என்னால கொழுவ ஏலேல்லை. உங்கட கையில தந்தா…" அவள் முடிக்கவில்லை. பெட்டியின் மூடியைச் சாத்தி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் அவருக்கு லேசாக இருந்திருக்கும்.

தூரத்தில் ஒரு கிழவன் தன் படகிலிருந்து கையை உயர்த்தி "போன்ஜூர்!" என்று கத்தினான். வலன்ரைன் பழக்கத்தில் தலையை ஆட்டினார். ஒரு விமானம் சில்லை நீட்டிக்கொண்டு அவர்களுக்கு மேலால் இறங்கியது.

"லக்சனாவும் போவாளோ?"

"என்னோடதான் மாமா. தூரம் இல்லை, மெட்றோவில வரலாம். உங்களையும் வரச்சொல்லித்தான் பேனாட்…"

"வேண்டாம். மருமகளின்ர புருசன்ர வீட்டில போய் இருக்கிற அளவுக்கு நான் இன்னும் விழேல்லை."

"எனக்குத் தெரியும். நீங்கள் அப்பிடித்தான் சொல்லுவியள் எண்டு அவருக்குச் சொன்னனான்."

வீட்டை நினைத்துப் பார்த்தார். காலையில் எழும்பினால் குசினியில் வெளிச்சம் இருக்காது. வாசலில் சின்னச் சப்பாத்து இருக்காது. படத்துக்குக் கீழே விளக்கு எரியும், அதற்கு முன்னால் கதிரையில் அவர் நிமிர்ந்து இருப்பார். ஊர் அவரைப் பற்றி ஒரு குறையும் சொல்லாது. அல்போன்சம்மா போனில் புகழுவாள். நான் கண்ணை மூடுமட்டும் என்று தொடங்குகிற வசனம் இன்னும் வாய்க்குள் முழுதாகத்தான் கிடந்தது. அதைச் சொன்னால் அவள் கேட்பாளா என்று யோசித்தார். கேட்கக்கூடும். அதுதான் அவரைப் பயப்படுத்தியது.

வெயில் ஏறியது.

"என்னட்டை ஒரு கோட்டுத்தான் கிடக்கு," என்றார் வலன்ரைன்.

ஜெயனி நிமிர்ந்து பார்த்தாள்.

"றொக்சனைக் குழியில வைக்கேக்க போட்டது. அதைப் போட்டுக்கொண்டு அப்பிடியான இடத்துக்கு வரேலாது."

அது சம்மதமா, சாட்டா என்று அவருக்கே தெரியவில்லை. அவள் விளக்கம் கேட்கவில்லை. முகத்தை மறுபக்கம் திருப்பி, தண்ணீரை அள்ளிக் கண்ணில் அடித்துக்கொண்டாள். தோள் இரண்டு தரம் குலுங்கியது. அவர் வேறு பக்கம் பார்த்தார். மருமகள் அழுவதைப் பார்த்துக்கொண்டு இருப்பது மரியாதை இல்லை.

மேற்கிலிருந்து காற்று எழும்பியது. ஏரியில் சுருக்கம் விழத் தொடங்கியது. அலை படகின் வயிற்றில் அறைந்தது.

"போவம் மாமா. இந்த லேக் காத்துக்குப் பொல்லாதது," என்று சொல்லிவிட்டு ஜெயனி நங்கூரக் கயிற்றைப் பிடித்தாள். றொக்சன் ஒரு பெயின்ற் வாளிக்குள் சீமெந்தை ஊற்றி, நடுவில் இரும்பு வளையம் ஒன்றைச் செருகிச் செய்த நங்கூரம் அது. அவள் இழுத்தாள். வரவில்லை. காலை விளிம்பில் முட்டுக்கொடுத்து மறுபடி இழுத்தாள். அடிச்சேறு விடவில்லை.

"அவர் தூக்கிப்போடுவார். எனக்கு ஒவ்வொரு முறையும் இதோட பெரும்பாடு."

வலன்ரைன் எழும்பினார். படகு ஆடியது. பலகையைப் பிடித்துப் பிடித்து, முழங்கால் வலிக்க, அவளுக்குப் பக்கத்தில் வந்து குந்தினார். கயிறு குளிர்ந்து வழுக்கியது. அவளுடைய கைக்குக் கீழே தன் கையை வைத்துப் பிடித்தார். சேற்றுத் தண்ணீர் அயன் பண்ணிய சேர்ட்டின் கைக்குள்ளால் ஒழுகி முழங்கைவரை இறங்கியது.

"சேர்ந்து மாமா. மெள்ள."

இருவரும் பின்னுக்குச் சாய்ந்தார்கள். படகின் அந்தப் பக்கம் தாழ்ந்தது. கயிறு விறைத்து, அதிலிருந்த தண்ணீர் முழுவதும் தெறித்துப் போயிற்று. கீழே, கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில், அந்தப் பாரம் ஒருதரம் அசைந்தது. இன்னும் மேலே வரவில்லை.