ஒப்பீட்டுப் பகுதியில் ஒரு குடை

சாகாமல் இருப்பவர்களை எப்படி எண்ணுவது என்று முடிவு செய்ய மூன்றாவது முறையாகக் கூட்டம் போட்டிருந்தார்கள். முதல் இரண்டு கூட்டங்களில், கூட்டத்தை எப்படி நடத்துவது என்பது முடிவாகியிருந்தது.

நூலகத்தின் மாடி அறை. ஒரே ஒரு மின்விசிறி. போட்டால் காகிதங்கள் பறக்கும். நிறுத்தினால் மனிதர்களுக்கு வேர்க்கும். மூன்று கூட்டங்களிலும் காகிதங்களுக்குச் சாதகமாகவே தீர்ப்பாகியிருந்தது.

தையல்காரி சுவரோரம் உட்கார்ந்து, கையோடு கொண்டுவந்த சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். உண்மையில் அக்கா என்று கூப்பிட உரிமையுள்ளவன் ஒருவன்தான் இருந்தான். அவள் தம்பி. ஏழு வருடத்துக்கு முன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். அதற்கு இரண்டு வருடம் கழித்து இந்தத் திட்டம் தொடங்கியபோது முதல் ஆளாகப் பேர் கொடுத்தவள் அவள்.

திட்டம் எளிமையானது. பத்துத் தெருக்கள். தினம் நாலு பேரைப் பார்க்கிற தொழிலில் இருப்பவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி. யாராவது வாடிப்போயிருந்தால் கவனி, நேராகக் கேள், கூட உட்கார், ஆஸ்பத்திரியில் இருக்கும் ஆலோசகரிடம் கூட்டிக்கொண்டு போ. அவ்வளவுதான். ஐந்து வருடமாக நடக்கிறது. இப்போது மேலிடம் கேட்டிருந்தது: இதனால் யாராவது பிழைத்தார்களா, ஆதாரம் என்ன?

நியாயமான கேள்விதான். அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்று திட்டம் போட ஒரு நிபுணரை அனுப்பியிருந்தார்கள். நல்ல மனிதர். பலகையில் கட்டம் போடாமல் அவருக்குச் சிந்திக்க வராது. அதனால் தெருமுனை சலூன்காரர் அவருக்குக் கட்டக்காரர் என்று பெயர் வைத்துவிட்டார்.

“நாம முதல்ல முடிவு பண்ண வேண்டியது, வெற்றின்னா என்ன?” என்றார் கட்டக்காரர்.

“ஆள் உசுரோட இருக்கறது,” என்றார் சலூன்காரர்.

“அது விளைவு. நான் கேக்கறது, அளக்கக்கூடிய அடையாளம்.”

“உசுரோட வந்து முடி வெட்டிக்கறது.”

செயலாளர் இருமினார். திட்டத்தின் செயலாளரான அவருடைய இருமலில் மூன்று வகை உண்டு. இது, மேலே இருந்து வந்தவர் முன்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இரு என்பது.

கேள்வித்தாள் கைமாறி வந்தது. நாற்பத்திரண்டு கேள்விகள். தையல்காரி ஊசியைச் சட்டையில் குத்திவைத்துவிட்டு எல்லாவற்றையும் படித்தாள். ‘எதிர்மறையான எதிர்கால நோக்கு’ இருந்தது. ‘ஊக்கக் குறைவு’ இருந்தது. அண்டை வீட்டாருடன் குப்பை விஷயமாகத் தகராறு உண்டா என்றுகூட இருந்தது. சாவு என்ற சொல் மட்டும் எங்கேயும் இல்லை.

“சார், நேரா கேளுங்க, கேக்கறதால அந்த நினைப்பு புதுசா வந்துடாதுன்னு பயிற்சியில எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. நீங்க ஏன் கேக்கலை?”

“அது பயிற்சி மேடம். இது ஆய்வு.”

அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்பது போலப் பலகையில் இரண்டு பெரிய கட்டம் போட்டார். ஒன்று, பெரிய சாலைக்கு இந்தப் பக்கத்துப் பத்துத் தெரு. இன்னொன்று, அந்தப் பக்கத்துப் பத்துத் தெரு. இதே மாதிரி வீடு, இதே மாதிரி ஜனம், ஆனால் திட்டம் இல்லை. அதற்கு ஒப்பீட்டுப் பகுதி என்று பெயர். ஒரு வருடம் கழித்து இரண்டையும் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

“ஒரு வருஷம் அந்தப் பக்கம் ஒண்ணுமே செய்யக் கூடாதா?” என்று கேட்டாள் தையல்காரி.

“இப்பவும் செய்யலையே. அப்படியே விடறோம், அவ்வளவுதான். ஆனா ஒண்ணு. இங்கேருந்து யாரும் அங்கே போய்ப் பேசக் கூடாது. பேசினா ஒப்பீடு மாசுபட்டுடும்.”

“பேசினா மாசா?” என்றார் சலூன்காரர். “அப்ப என் கடை ஒரு சாக்கடை சார்.”

யாரும் சிரிக்கவில்லை. சலூன்காரரே தையல்காரியைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பக்கத்தில் டிரைவர் இருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும்.

டிரைவர் இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டியவர். கடைசி வருடத்தில் ஒரு விபத்து. விசாரித்தவர்கள் அவர்மேல் தப்பில்லை என்றார்கள். அவர் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. மனைவி அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தாள். எட்டு மாதத்துக்கு முன், நாலு காக்கி உடுப்புகளைத் தூக்கிக்கொண்டு தையல்காரியின் கடைக்கு வந்தார். “இதை வெட்டிப் பையா தைச்சு யாருக்காவது கொடுத்துடும்மா. எனக்கு இனிமே எதுக்கு?” என்றார். அவள் கத்திரிக்கோலை எடுக்கவில்லை. நேராகக் கேட்டாள். “உன் வேலையைப் பாரு,” என்று சொல்லிவிட்டு, போகாமல் அங்கேயே உட்கார்ந்து அழுதார். ஆலோசகரிடம் அவள்தான் கூட்டிப்போனாள். அன்றிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் சாலையைக் கடப்பாள்.

போகிற வீட்டில் எல்லாம் அவள் எதையாவது விட்டுவிட்டு வருவாள். பெரும்பாலும் குடை. வேண்டுமென்றேதான். மறுபடி போக ஒரு காரணம் வேண்டுமே. ‘எப்படி இருக்கீங்க’ என்று போய் நின்றால் கதவைப் பாதிதான் திறப்பார்கள். ‘குடையை விட்டுட்டுப் போயிட்டேன்’ என்றால் முழுசாகத் திறப்பார்கள். திறந்த பிறகு குடையை யாரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை. செயலாளர் அவளுக்கு மறதி நோய் என்றே நம்பி, நல்ல டாக்டர் ஒருவரின் பெயரை எழுதிக் கொடுத்திருந்தார்.

இந்தப் பழக்கம் தம்பியிடமிருந்து வந்தது. கடைசி வாரத்தில் அவன் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தான். இரண்டு வருடமாக இரவல் வாங்கி வைத்திருந்த இஸ்திரிப் பெட்டி. சூட்கேஸ். ஜன்னல் அளக்க வாங்கிப்போன அளவு நாடா. “என்னடா, திடீர்னு பொறுப்பு வந்துடுச்சு?” என்று கேலி செய்தாள். அவனும் சிரித்தான். பொருள்களைத் திருப்பிக் கொடுப்பது ஓர் அறிகுறி என்று பயிற்சிக் கையேட்டின் நாலாம் பக்கத்தில் போட்டிருந்தது. அவள் அந்தப் பக்கத்துக்கு வந்து சேர இரண்டு வருடம் தாமதம்.

“அந்தப் பக்கம் ஒருத்தர் இருக்காரு சார்,” என்றாள்.

“ஒருத்தர்தானே? ஆலோசகர்கிட்ட அவர் போறதை நாங்க தடுக்கலை. நீங்க போறதை மட்டும் நிறுத்திக்கங்க.” பிறகு குரலைத் தணித்துச் சொன்னார்: “ஒப்பீடு நிக்கலைன்னா அறிக்கை நிக்காது. அறிக்கை நிக்கலைன்னா திட்டத்தையே மூடிடுவாங்க மேடம். அப்புறம் இந்தப் பத்துத் தெருவுக்கும் யாரும் இல்லை.”

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம். பொய் என்றால் எழுந்து போயிருக்கலாம். உறுதிமொழித் தாள் சுற்றி வந்தது. பத்துத் தெருவை ஒரு தட்டிலும் ஒரு மனிதரை இன்னொரு தட்டிலும் வைத்து நிறுக்க அவளுக்கு யாரும் பயிற்சி கொடுத்திருக்கவில்லை. கையெழுத்துப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை போய் டிரைவரிடம் சொன்னாள். “ஒரு வருஷம் வரமுடியாதுண்ணே. ஆய்வு நடக்குது.”

“என்ன ஆய்வு?”

“நாங்க வந்தா நல்லதான்னு பாக்கறாங்க.”

“வராம பாத்தா எப்படித் தெரியும்?”

“அப்படித்தான் தெரியுமாம்.”

“நல்லதாப் போச்சு. தலைவலி விட்டுது,” என்று சொல்லிவிட்டு வாசல் வரை வந்தார். வழக்கமாக வாசல் வரை வரமாட்டார்.

அடுத்த கூட்டம் மூன்று வாரம் கழித்து, ஒரு மதிய வேளையில். கட்டக்காரர் ஆய்வுத் திட்டத்தை எழுதி முடித்துக் கொண்டுவந்திருந்தார். நாற்பத்தாறு பக்கம், இன்னும் தைக்காத தாள்கள், மேலே வழவழப்பான அட்டை. ‘இந்த ஆய்வால் எவருக்கேனும் ஏற்படக்கூடிய தீங்கு’ என்று ஒரு தலைப்பு. அதற்குக் கீழே ‘இல்லை’ என்று ஒரே சொல். நாற்பத்தாறு பக்கத்தில் சுருக்கமாக எழுதப்பட்டிருந்த ஒரே இடம் அது.

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. டிரைவர் வாசலில் வந்து நின்றார். முகச்சவரம் செய்து, சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார். ஒரு கையில் அவளுடைய குடை. இன்னொரு கையில் ஒரு பை. அதில் டார்ச் லைட், பிளாஸ்க், எப்போதோ விட்டுவந்த ஒரு ஊசிப்பெட்டி.

“கடை பூட்டியிருந்துச்சும்மா. இங்கே இருப்பேன்னாங்க. எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக்கோ. அடுத்தவங்க சாமான் நம்மகிட்ட நிக்கக் கூடாது.”

“வாங்க சார், உக்காருங்க. எந்தத் தெரு?” என்று கட்டக்காரர் மலர்ந்த முகத்தோடு கேட்டார். டிரைவர் தெருவைச் சொன்னார். மலர்ந்த முகம் பலகையில் இருந்த இரண்டாவது கட்டத்தைப் பார்த்தது. “மேடம், தயவுசெஞ்சு…”

செயலாளர் இருமினார். இது நாலாவது வகை. இதற்கு முன் யாரும் கேட்டதில்லை.

தையல்காரி குடையைப் பார்த்தாள். ஒடிந்திருந்த கம்பியை மெல்லிய ஒயர் சுற்றிச் சரிசெய்து, இறுக்கமாகச் சுருட்டிக் கட்டியிருந்தார். அவள் எழுந்தாள். மடியிலிருந்த சட்டை கீழே விழுந்தது.

“அக்கா, கையெழுத்துப் போட்டிருக்கீங்க,” என்றார் சலூன்காரர் மெதுவாக.

“அழிச்சுக்கச் சொல்லு.” டிரைவரின் எதிரே போய் நின்றாள். “அண்ணே, சாகணும்னு நினைக்கிறீங்களா?”

டிரைவர் ஒவ்வொருவராகப் பார்த்தார், கண்ணாடியில் பயணிகளைப் பார்ப்பது போல.

“இத்தனை பேர் முன்னாடியா கேப்பே?”

“தனியா வந்து கேக்க என்னை விடலையே.”

கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். பிறகு, வண்டி இதற்கு மேல் போகாது என்று சொல்கிற குரலில், “ஆமா,” என்றார்.

சலூன்காரர் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். செயலாளர், சொல்லாமலே, ஆலோசகருக்குப் போன் செய்தார். எண் அவருக்கு மனப்பாடமாக இருந்தது எல்லோருக்கும் ஆச்சரியம். தையல்காரி டிரைவரின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவருக்கு நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

கட்டக்காரர் எழுந்து போய் மின்விசிறியைப் போட்டார்.

நாற்பத்தாறு பக்கத்தின் வரைபடங்களும் பட்டியல்களும் அறை முழுக்கப் பறந்தன. ஒரு தாள் டிரைவரின் காலடியில் விழுந்தது. அவர் குனிந்து எடுத்து, மடிப்பு நீக்கி, “உங்களுது,” என்று நீட்டினார்.

“நீங்களே வச்சுக்கங்க சார்,” என்றார் கட்டக்காரர். வந்த நாளிலிருந்து அவர் சொன்னதிலேயே உருப்படியான வார்த்தை அது.

தையல்காரி, சலூன்காரர், செயலாளர் மூன்று பேருமாக அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். பன்னிரண்டு நாள் உள்ளே வைத்திருந்து அனுப்பினார்கள்.

திட்டம் மூடப்படவில்லை. ஆய்வும் நிற்கவில்லை, அவ்வளவு சுலபமாக நிற்கிற ஜாதியா அது? அந்தப் பக்கத்துத் தெருக்களுக்கும் திட்டம் உண்டு, நாலு மாதம் பின்னால் தொடங்கும், அந்த இடைவெளியை வைத்தே ஒப்பிடலாம் என்று கட்டக்காரர் புதிதாகக் கட்டம் போட்டார். ‘ஆபத்தில் இருப்பவரோடு பேசுவது மாசு ஆகாது’ என்ற ஒரு வரியின் சொற்களைச் சரிசெய்ய மட்டும் இரண்டு கூட்டம் பிடித்தது. நாற்பத்து மூன்றாவதாக ஒரு கேள்வி சேர்ந்தது. சுற்றி வளைக்காத கேள்வி. எழுதியவர் பெயர் போடுவது வழக்கமில்லை என்றார்கள். அவள் கேட்கவும் இல்லை. தம்பியிடம் கேட்காத கேள்விக்குக் கீழே தன் பெயரைப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை சாலையைக் கடந்து போனாள். டிரைவர் ரேடியோவைப் போட்டார். செய்தி முடியும் வரை இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். கிளம்பும்போது, அவள் கொண்டுவந்து மூலையில் சாத்தியிருந்த குடையைக் காட்டினார்.

“எடுத்துட்டுப் போ. வானம் இருட்டிக்கிட்டு வருது.”

“இருக்கட்டும்ணே. நனைஞ்சுக்கறேன்.”

“கிறுக்கு,” என்றார் டிரைவர். குடையை எடுத்து நீட்டவில்லை.