சூடான பானெட்

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ரகம் இல்லை நான். ஓட்டிக்கொண்டே புல் வெட்டுகிற வண்டி, எண்ணூறு டாலர் என்று விளம்பரத்தில் பார்த்ததுமே இதில் என்ன கோளாறோ என்றுதான் தோன்றியது. எங்கள் இண்டியானாவில் அந்த விலைக்கு நாலு டயர்கூடத் தேறாது.

ஆனாலும் எனக்கு வேறு வழியில்லை. மார்ச்சில் என் கணவர் டெல்பர்ட்டுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. வீட்டைச் சுற்றி ஒன்றரை ஏக்கர் புல். இனி தள்ளுகிற மெஷினைத் தொடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இவரோ, உட்கார்ந்து புல் வெட்டுகிற ஆண்களை நாற்பது வருஷமாகக் கேலி பேசியவர். விளம்பரத்தைக் காட்டியதும் எரிந்து விழுந்தார்.

"அதுல ஏறுறதுக்குப் பதிலா சக்கர நாற்காலி வாங்கிக் குடு. சனிக்கிழமை நான் தள்ளித்தான் வெட்டுவேன். நடுவுல செத்தா அங்கயே பொதைச்சிடு."

சொன்னால் செய்கிற ஆள்.

வியாழக்கிழமை மாலை தனியாகப் போனேன். விற்பவர் ராய்ஸ் கிரப், பனைமரம் போல வளர்ந்தவர், ஷெட்டுக்குள் குனிந்துதான் நுழைந்தார். நான் முதலில் பானெட் மேல் கையை வைத்தேன். சூடாக இருந்தது.

நோஞ்சான் இன்ஜினை விற்கிறவர்கள் செய்கிற வேலை இது. ஆள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்துவிட்டால் சாவியைத் திருப்பியதும் சமர்த்தாகக் கிளம்பும். மறுநாள் நம் வீட்டில் குளிர்ந்த பிறகுதான் குட்டு வெளிப்படும்.

"யாருங்க ஓட்டினது இதை?"

"யாரும் இல்ல மேடம். வெயில்ல... சூடாயிருக்கும்."

"ஷெட்டுக்குள்ள ஏதுங்க வெயிலு?"

அவர் காது சிவந்துவிட்டது.

"எனக்கு முன்னாடி வேற யாராவது பாக்க வந்தாங்களா?"

"நீங்கதான் மொத ஆளு," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

குனிந்து அடிப்பக்கம் பார்த்தேன். துரு இல்லை. ஆயில் தேன் நிறத்தில் இருந்தது. பிளேடும் கூர்மை. எல்லாம் இவ்வளவு ஒழுங்காக இருந்ததில் எனக்குச் சந்தேகம் இன்னும் முற்றியது.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதீங்க. எனக்கு இந்த வண்டி வேண்டாம்."

அவர் கொடுத்திருந்த சாவியை சீட்டின் மேல் வைக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். சீட் கடைசி வரை முன்னால் இழுக்கப்பட்டிருந்தது. ராய்ஸ் அதில் உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடிக்கும். கோப்பை வைக்கிற குழியில் சூரியகாந்தி விதைத் தோல், ஈரம்கூடக் காயாமல் கிடந்தது.

சிகரெட்டை விட்டதிலிருந்து அணில் மாதிரி அதைக் கொறித்துக்கொண்டே இருக்கிற ஒரு மனுஷன் என் வீட்டில் இருக்கிறார். அன்று மருந்து வாங்கப் போனவர் இரண்டு மணி நேரம் கழித்து, நான் கிளம்புவதற்குச் சற்று முன்புதான் திரும்பியிருந்தார்.

"ராய்ஸ், குள்ளமா, பச்சைத் தொப்பி போட்ட ஆளா?"

அவர் பெருமூச்சு விட்டார். "சத்தியம் வாங்கிட்டுப் போயிருக்காரு மேடம். தோட்டத்தை நாலு சுத்து சுத்தினாரு. எறங்கவே மனசு வரல அவருக்கு. 'என் பொண்டாட்டி வருவா, அவ வம்பு பண்ணி வாங்கினதாவே இருக்கட்டும்'னாரு."

சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஆனாலும் நான் ஏமாறவில்லை. பானெட் ஆறும்வரை ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்து, பிறகுதான் சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பில் கிளம்பியது. காசைக் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலை, டெல்பர்ட் எழுந்து வருவதற்குள் சீட்டைக் கடைசி வரை பின்னால் தள்ளி வைத்தேன்.

"உன் தொல்லை தாங்காமத்தான் ஏறுறேன். எது எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது," என்று முனகிக்கொண்டே ஏறினார். ஏறியதும் அவர் கை, குனிந்து பார்க்காமலே, அடியில் இருந்த நெம்புகோலைப் பிடித்து சீட்டை முன்னால் இழுத்தது.

நான் துணி காயப்போடுகிற சாக்கில் முதுகைக் காட்டிக்கொண்டு அழுதேன். எதையும் லேசில் நம்பாதவள் நான். இவர் உயிரோடு இருக்க ஆசைப்படுகிறார் என்பதை அன்றுதான் நம்பினேன்.