குட்டைப் பக்கம் திரும்பிய வெளிச்சம்

1

இந்தக் கதை எனக்குச் சாணி லாரியில் வந்தது. மலை, மூடுபனி, மழை என்று கௌரவமாக ஏதாவது சொல்லத்தான் ஆசை. ஆனால் நடந்தது அதுதான். என் கணவருக்கு அருவங்காடு தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸ் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருந்தது, அதில் உருளைக்கிழங்கும் பீன்ஸும் போட்டேன். எருவுக்கு மசினகுடியிலிருந்து ஆள் வருவார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். வந்தவர் ஆறுக்குட்டி.

மசினகுடிப் பக்கம் மாடு வளர்ப்பதே பாதி சாணிக்காகத்தான். அத்தனையும் நாட்டு மாடுகள், அதிகம் கறக்காது. பகலெல்லாம் காட்டோரத்தில் மேயும். பொழுது சாய்ந்ததும் முள்வேலி போட்ட பட்டிக்குள் வந்து அடையும். பட்டியில் சேரும் சாணியைக் காயவைத்து, மேலே தேயிலை எஸ்டேட்டுகளுக்கும் காய்கறித் தோட்டங்களுக்கும் லாரியில் அனுப்புவார்கள். மாடு மேய்கிற அதே காட்டில்தான் புலியும் செந்நாயும் இருக்கின்றன. ஒரு மாடு வீடு திரும்பவில்லை என்றால் அங்கே யாரும் ஆச்சரியப்படுவதில்லை. வருத்தப்படுவார்கள், அவ்வளவுதான்.

முதல் தடவை எரு இறக்கிவிட்டுப் பின்வாசல் படியில் டீ குடித்தபோது ஆறுக்குட்டி சொன்னார்: “எங்கூட்டுக்காரிக்குக் கை சரியில்லீங்க அம்மிணி. பாம்பு கடிச்சுப்போச்சு. நாந்தான் எல்லாம் பாக்கோணும். அதான் வர நேரமாயிப்போச்சு.”

கதை எழுதுகிறவளிடம் இப்படி ஒரு பேச்சை யாரும் விட்டுவிட்டுப் போகக் கூடாது.

2

அடுத்து எரு கொண்டுவந்தபோதெல்லாம் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

‘மாலை வெயில் குட்டைத் தண்ணீரில் பொன்னாக உருகிக்கொண்டிருந்த வேளையில்’ (பட்டிக்கு அப்பாலுள்ள குட்டையில் பாம்பு கடித்த அன்று தண்ணீரே இல்லை, வெறும் சேறு. அடித்துவிட்டேன்.)

‘அம்சவேணியைப் பாம்பு கடித்த நாளில் ஆறுக்குட்டி ஒரு மாட்டைக்கூட இழக்கவில்லை.’ (நல்ல வாக்கியம் என்று எனக்கே பட்டது. அதனால்தான் சந்தேகப்பட்டு எடுத்துவிட்டேன். அதற்குள் என்ன இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.)

மூன்றாவது, ஜோடனை இல்லாதது:

ஆறுக்குட்டியின் அப்பா பைக்காரா மின்நிலைய வேலைக்கு அன்னூரிலிருந்து மலையேறி வந்தவர். வேலை முடிந்ததும் ஊருக்குத் திரும்பாமல், மசினகுடிப் பக்கம் நாலு மாடு வாங்கிக்கொண்டு தங்கிவிட்டார். அம்சவேணி காரமடையிலிருந்து அந்த வீட்டுக்குக் கல்யாணமாகி வந்தாள். பிள்ளைகள் இல்லை. மாடுகளுக்குப் பெயர் வைத்தது அவள்தான். எது சினை, எது முட்டும், எது கூட்டத்தை விட்டுத் தனியே போகும் என்றெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். கறக்கிற சில மாடுகளும் அவள் கை பட்டால்தான் பால் விடும்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு ஐப்பசி மாதம், நான் ஆறுக்குட்டியைப் பார்ப்பதற்குச் சில மாதங்களுக்கு முன். அந்த மாதத் தொடக்கத்தில் புலி ஒரு கறவை மாட்டைக் குட்டையோரம் அடித்திருந்தது. செவலை என்ற மாடு அப்போது நிறைசினை. அன்று பொழுது சாயும்போது மழை வரும்போல இருந்தது. அம்சவேணி எருக்குவியலை மூடுவதற்காகச் சாக்குகளைத் தூக்கினாள். அடியில் கண்ணாடி விரியன் கிடந்தது. வலது கையில் கடித்தது. அவள் போட்ட சத்தத்துக்கு ஆறுக்குட்டி ஓடிவந்தார். அதே நேரம் குட்டைப் பக்கமிருந்து மாடுகள் கதறிக்கொண்டு கலையும் சத்தம்.

“ஜீப்பு வர லேட்டாயிப்போச்சுங்க” என்றார் ஆறுக்குட்டி என்னிடம். அந்த வழியில் ஜீப் ஓட்டுகிறவர் டக்ளஸ். தினமும் அந்த நேரத்துக்குப் பால் கேன் எடுக்க வருவார்.

கல்லட்டி மலைப்பாதை ஏறி ஊட்டி ஆஸ்பத்திரி, அங்கே ஊசி போட்டு, கோயமுத்தூருக்கு அனுப்பினார்கள். சில நாட்கள் அவளுக்கு மூத்திரமே பிரியவில்லை. பிழைக்க மாட்டாள் என்று காரமடையிலிருந்து சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். பிழைத்தாள். வலது கையில் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் கருத்துப்போய் அவற்றை எடுக்க வேண்டியதாயிற்று.

3

கதைக்கு ஒரு கெட்டவன் தேவைப்பட்டான். பாம்பைக் கெட்டவனாக்க முடியாது, அது சாக்குக்கு அடியில் தன்பாட்டுக்குக் கிடந்தது. புலியையும் முடியாது. எனவே டக்ளஸைப் பிடித்தேன். அவர் வழியில் டீக்கடையில் உட்கார்ந்து, அரசியல் பேசி, இரண்டாவது டீயும் சொல்லி, சாவகாசமாக வந்ததாக ஒரு பக்கம் எழுதினேன். நன்றாக வந்திருந்தது. அடுத்த லோடு இறக்க ஆறுக்குட்டி வந்தபோது அதைப் படித்துக் காட்டினேன்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கடைசிவரை கேட்டார்.

“டக்ளஸு டீ குடிக்கலீங்க அம்மிணி.”

“கதைதானே. பேரை மாத்திடறேன்.”

“பேரை மாத்துனாலும் அவன் குடிக்கலீங்க.”

நான் காகிதத்தை மடித்தேன். அவர் படியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“அவன் நேரத்துக்குத்தானுங்க வந்தான். மாடு கத்தறதைக் கேட்டுப்போட்டு, ரோட்டுல இருந்து வேகமா உள்ளுக்க ஓட்டிட்டு வந்தான். நாந்தான் ஏறி உக்காந்து, குட்டைப் பக்கம் உடுன்னேன். ‘அண்ணிய மொதல்ல ஏத்தலாங்ணா’ன்னான். முள்ளாத்தான் இருக்கும், ஒரு சுத்து சுத்தி மாட்டைப் பட்டிக்கு முடுக்கிப்போட்டு வந்தரலாம்னு சொன்னேன்.”

“முள்ளுன்னு நினைச்சீங்களா?”

“இல்லீங்க. கையப் பாத்தனுங்க. பல்லுப் பட்ட எடம் நல்லாத் தெரிஞ்சுது. பாத்துப்போட்டுத்தான் ஏறுனேன்.”

பிறகு நடந்ததையும் சொன்னார். ஜீப் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போயிருக்கிறது. குட்டைக் கரையில், செவலைக்கும் பட்டிக்கும் நடுவே, புலி நின்றது. விளக்கு வெளிச்சம் பட்டதும் உடனே ஓடவில்லை. தலையைத் தாழ்த்தி இவர்களைப் பார்த்தது. அப்புறம் உண்ணிச்செடிப் புதருக்குள் நடந்தே போயிற்று. கலைந்த மாடுகளை ஜீப்பை வைத்து வளைத்து, ஒன்று விடாமல் பட்டிக்குள் அடைத்து, முள்படலை இழுத்துச் சாத்திவிட்டுத் திரும்பினார்கள். அம்சவேணி வாசல் தூணில் சாய்ந்திருந்தாள். கை முழங்கைவரை வீங்கியிருந்தது. பல்லிடுக்கில் ரத்தம்.

“கோயமுத்தூர்ல டாக்டர்கிட்டக் கேட்டனுங்க. கொஞ்சம் முன்ன வந்திருந்தா வெரல் தப்பிச்சிருக்குமான்னு. ‘எவ்வளவு முன்ன’ன்னு கேட்டாரு. எனக்குச் சொல்ல வாய் வல்லீங்க. செல பேருக்கு உடனே வந்தாலும் போயிருமுன்னு அவரா சொல்லிப்போட்டுப் போயிட்டாரு.”

“அம்சவேணிக்கு இது தெரியுமா?”

“தெரியாதுங்க. அவ மயங்கிக் கெடந்தா. டக்ளஸும் இன்ன வரைக்கும் வாயத் தொறக்கல. ஊர்ல எல்லாரும் அவன் வர லேட்டாச்சுன்னுதான் பேசுனாங்க. கேட்டுட்டுச் சும்மா இருந்தான். இப்ப நீங்களும் எழுதிப்போட்டீங்க.”

டக்ளஸ் வருகிற அந்தப் பக்கத்தை அவர் முன்னாலேயே கிழித்தேன். அதற்குமேல் அன்று என்னால் எதுவும் செய்ய முடியவில்லை.

4

(இங்கே கதை நிற்கிறது. எனக்கு ஆறுக்குட்டிமேல் கோபம்.)

கோபத்தில் அவரைப் பேராசைக்காரனாக எழுதிப் பார்த்தேன். பெண்டாட்டியைவிட மாடு பெரிதென்று நினைக்கிற ஆள். இரண்டு பக்கத்துக்குமேல் அந்த ஆள் நகரவில்லை. ஏனென்றால் உண்மையான ஆறுக்குட்டி காலையில் அம்சவேணிக்குத் தலை வாரிப் பின்னிவிடுகிறார். பின்னலை யாரிடமோ கேட்டுக் கற்றுக்கொண்டார். சமைக்கிறார், துணி துவைக்கிறார், மாட்டிடம் உதை வாங்கிக்கொண்டு கறக்கிறார். அந்த ஒரு பொழுதைத் தவிர, அவளுக்குத் தேவைப்பட்ட நேரத்தில் அவர் அவளை விட்டுப் போனதில்லை. அந்த ஒரு பொழுதில் போனார்.

என்னையே கேட்டுக்கொண்டேன். உயிருக்கு உயிரான மனுஷி இந்தப் பக்கம், வருஷக்கணக்காக வளர்த்தது எல்லாம் அந்தப் பக்கம், இரண்டும் ஒரே நேரத்தில் கத்தினால் கால் எந்தப் பக்கம் திரும்பும்? எனக்குத் தெரியும் என்று எழுத வந்தேன். எழுத முடியவில்லை.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அவர் மாடுகளை விற்றுக்கொண்டிருக்கிறார். மாட்டு வியாபாரி சின்னராஜ் வந்து இரண்டு தடவையாகப் பாதிக்குமேல் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். மிச்சத்தைப் பொங்கல் கழித்துக் கொடுப்பதாகப் பேச்சு. “அதுகளப் பாத்தாலே அன்னிக்குப் பொழுதுதானுங்க ஞாபகம் வருது” என்றார் ஆறுக்குட்டி.

5

கார்த்திகை மாதம், அவர் அருவங்காட்டுக்கு லோடு கொண்டுவருகிற ஒரு நாளில், நான் பஸ் ஏறிக் கீழே மசினகுடிக்குப் போனேன். வேண்டுமென்றேதான். அம்சவேணியைத் தனியாகப் பார்க்க வேண்டும், அவள் முகம் எப்படி என்று தெரியாமல் எழுத முடியவில்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

அவள் பட்டிக்குள் நின்று செவலையின் கழுத்தை இடது கையால் சொறிந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் கன்று. நான் நினைத்ததைவிட உயரம். சிரித்த முகம்.

“அருவங்காட்டு அக்காங்களா? வாங்க, வாங்க. அவரு அங்கதானுங்களே வந்திருக்காரு?”

“தெரியும்.”

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். “அப்ப அன்னிக்கு நடந்ததைச் சொல்லிட்டாரு போலிருக்குது” என்றாள்.

அவளே பேசினாள்.

“நான் மயங்கலீங்கக்கா. தூணுல சாஞ்சுதான் கெடந்தேன், கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. ஜீப்பு வந்துச்சு. என்னை ஏத்தத்தான் வருதுன்னு பாத்தேன். வெளிச்சம் குட்டைப் பக்கம் திரும்பிருச்சு. அப்ப வந்த கோவத்துக்கு, அந்தாளு மூஞ்சியில இனி முழிக்கவே கூடாதுன்னு நெனச்சேன். கொஞ்ச நேரங்கழிச்சு இந்தச் செவலை வவுத்தைத் தூக்கிட்டு ஓடியாந்து பட்டிக்குள்ள பூந்தா. அப்பாடான்னு இருந்துச்சுங்க. கோவமும் இருந்துச்சு, அதுவும் இருந்துச்சு.”

“அவர்கிட்ட ஏன் சொல்லலை?”

“ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சப்ப, ஜீப்பு வர லேட்டாயிப்போச்சு புள்ளைன்னு சொல்லி என் காலைப் புடிச்சுட்டு உக்காந்திருந்தாருங்க. அந்த மூஞ்சியப் பாத்துட்டு எப்படிக் கேக்கறது? இன்னிக்குக் கேக்கலாம், நாளைக்குக் கேக்கலாம்னு போயிருச்சு.” கன்று அவள் முந்தானையை மென்றது. பிடுங்கிக்கொண்டாள். “எனக்குப் போனது ரெண்டு வெரலுங்கக்கா. அவரு என்னைப் பட்டிப் பக்கமே உடறதில்ல. சாணி அள்ளாதே, தண்ணி காட்டாதேங்கறாரு. இன்னிக்கு லாரி போனதும்தான் வந்து நிக்கறேன். இப்ப இதுகளையும் சின்னராஜுக்குக் குடுக்கப் போறாராம். அப்புறம் நான் எந்திரிச்சு எதுக்கு வெளிய வரோணும்?”

6

கிளம்பும்போது பஸ் நிற்கிற இடம்வரை கூடவே வந்தாள்.

“கதை எழுதறீங்கன்னு சொன்னாரு. அச்சுல வந்தாப் படிப்பாருங்க, நல்லாப் படிப்பாரு. அதுல எனக்காக ஒண்ணு சேத்தோணும்.”

“என்ன?”

“‘ஏதோ முள்ளுங்க, நீங்க மொதல்ல மாட்டைப் போய்ப் பாருங்க’ன்னு நான் சொன்னதா எழுதுங்க. அவரு ஜீப்புல ஏறையில.”

“அப்படிச் சொன்னீங்களா?”

“இல்லீங்க.” ரோட்டைப் பார்த்தாள். “போகாதீங்கன்னு சொல்றதுக்குத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள ஜீப்பு திரும்பிருச்சு.”

“நீங்க சொல்லலைன்னு அவருக்குத் தெரியுமே.”

“தெரியட்டுங்க. நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்னு தெரிஞ்சுக்குவாரு. பாத்தும் இப்படி எழுதச் சொல்லியிருக்கான்னும் தெரிஞ்சுக்குவாரு.”

“நீங்களே நேரா சொல்லலாமே.”

“நேரா சொன்னா அழுதுருவாருங்க. அப்புறம் அதுக்கும் நாந்தான் சமாதானம் பண்ணோணும். ஒத்தைக் கையில எத்தனை வேலைதானுங்க செய்யறது?”

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பஸ் வந்தது. நான் எழுதுகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

7

முதல் முடிவு. அம்சவேணி கேட்ட வரியை அப்படியே போட்டுவிட்டேன். பத்திரிகை வருகிறது. ஆறுக்குட்டி லாரியில் உட்கார்ந்தபடி படிக்கிறார். அந்த வரியில் நிற்கிறார். மறுநாள் சின்னராஜிடம் போய், மாடு கொடுப்பதாக இல்லை என்கிறார். எழுதி முடித்ததும் எனக்கே பிடித்திருந்தது. ஆனால் இரவு படுத்தால் தூக்கம் வரவில்லை. வீங்கிய கையோடு ஒரு பெண் ‘போகாதீங்க’ என்று சொல்ல வாயெடுத்தாள். அது யார் காதிலும் விழவில்லை. கடைசியில் நானும் அதைத் துடைத்துவிட்டு, அதற்கு நேர் எதிரானதை அவள் வாயில் வைக்கிறேன். அவளே கேட்டுக்கொண்டாள் என்பதால் அது சரியாகிவிடுமா?

இரண்டாவது முடிவு. அவள் சொல்லவந்ததையே எழுதினேன். நேர்மையாக இருந்தது. அதைப் படிக்கிற ஆறுக்குட்டி செவலையையும் கன்றையும் தானே ஓட்டிக்கொண்டுபோய்ச் சின்னராஜிடம் கொடுத்துவிட்டு வருவார். அம்சவேணி அதற்குப் பிறகு வெளியே

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.)

மூன்றாவதாக, அவள் எதுவுமே சொல்லாதபடி எழுதிப் பார்த்தேன். அது அவர்கள் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருக்கும் கதை. அதற்கு நான் வேண்டியதில்லை.

இப்போது மார்கழி. உங்கள் கையில் இருப்பது என் மேசையிலுள்ள பிரதி, இதில் எல்லாம் இருக்கிறது. பத்திரிகைக்குப் போகும் பிரதியில், அந்த இடத்தில் அம்சவேணியின் வாயில் ஒரு வரிதான் இருக்கும். அதை எழுத எனக்குக் கை வரவில்லை. டக்ளஸைப் பற்றி யோசிக்காமல் ஒரு பக்கம் எழுதிய கை இது. உங்களிடம் விடுகிறேன். அவள் கேட்டதை எழுதினாலும், சொல்லவந்ததை எழுதினாலும், படிக்கப்போவது ஆறுக்குட்டி என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

ஆறுக்குட்டி ஜீப்பில் கால் வைத்துவிட்டார். டக்ளஸ் கியரை மாற்றுகிறார். குட்டைப் பக்கம் செவலை கதறுகிறது. தூணில் சாய்ந்திருந்த அம்சவேணி, கடிபட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்து சொன்னாள்:

“........................................”